படுக்க விடாத வீடு

9-7-1968

இன்றும் கோட்டையூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது. உட்கார்ந்தால்தான் வலி. கம்பியைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்த கண்டக்டர், "என்ன டீச்சர், சீட்டுல முள்ளா கெடக்கு?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போது எரிச்சலாக இருக்கிறது.

இடுப்பில் தொடங்குகிறது. தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாக இடது பெருவிரல் வரை. காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பதுபோல. பள்ளிக்கூடத்துக்கு மதிய உணவுப் பால் பவுடர் மூட்டை வந்த அன்று பிடித்தது. ஆயா வேலைக்கு ஆள் போடவில்லை. இரண்டு ஆண் வாத்தியார்கள் வேட்டி கசங்காமல் நின்றார்கள். தலைமையாசிரியர், "ஒரு கை புடிங்க டீச்சர்" என்றார். பிடித்தேன். குனிந்து தூக்கித் திரும்பும்போது இடுப்பில் சடக்கென்றது.

இன்று லீவு கேட்டேன். "மூட்டையத் தூக்கச் சொல்லி நான் எழுத்துல குடுத்தேனா?" என்று கேட்கிறார்.

இந்த ஊரில் பெண்கள் செய்யும் எந்த வேலையை யார் எழுத்தில் கொடுத்தார்கள்?

15-7-68

ஆத்தாவுடன் காரைக்குடி டாக்டரிடம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆத்தாவைப் பார்த்துக் கேட்டார்: "கல்யாணம் ஆயிருச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கோம் சார்."

"சீக்கிரம் பண்ணுங்க. ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாப் போகும்."

முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி மாத்திரையும் டானிக்கும் எழுதினார். திரும்பி வரும்போது ஆத்தாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "பெரிய சீக்கா இருக்குமோன்னு பயந்தே போனேன்த்தா."

எனக்கு இருபத்து மூன்று வயது. என் கால் எரிகிறது. மருந்து மாப்பிள்ளையாம்.

22-7-68

இருமினால் காலில் மின்னல் வெட்டுகிறது. இருமலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? யாரைக் கேட்பது?

6-8-68

மதுரைக்குப் போய்வந்தோம். மூன்றாம் வகுப்பு யூஜினியா டீச்சர்தான் கிளப்பினார். அவர் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி வலி இருந்ததாம். "கால்ல இறங்குற வலிய மாத்திரை போட்டு மூடாதே முத்தழகு" என்று வீட்டுக்கே வந்து சொன்னார். அண்ணனும் துணைக்கு வந்தார், ஆடி மாதம், உரக்கடையில் வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டே.

மதுரை டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது காலை மடக்காமல் தூக்கினார். கொஞ்ச தூரம் போவதற்குள் அலறிவிட்டேன். பாதத்தை அவர் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னார், விரலை நிமிர்த்தச் சொன்னார், ஊசியால் தொட்டுப் பார்த்தார். இதையெல்லாம் காரைக்குடியில் செய்யக் கூடாது என்று சட்டமா?

டிஸ்க். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. இதையெல்லாம் அவர் அண்ணனிடம்தான் சொன்னார். என் முதுகைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டு வழி இருக்கு. ஆறு வாரம் பலகையில படுக்கணும். கக்கூஸுக்கு மட்டும் எந்திரிக்கலாம். முக்கால்வாசிப் பேருக்கு அதுலயே சரியாயிடும். இல்லேன்னா ஆபரேஷன், பிதுங்குனதை எடுத்துடலாம். அதுலயும் எல்லாருக்கும் வலி போயிடும்னு சொல்ல முடியாது. ஆனா பாதம் தூக்க முடியாமப் போனாலோ, ஒண்ணுக்கு வராம நின்னாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கூட்டிட்டு வாங்க."

பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "உங்களை ஆறு வாரம் வீட்டுல படுக்க விடுவாங்களா?"

அண்ணன் சிரித்தார். "என்ன டாக்டர் இப்பிடிக் கேக்குறீக! எங்க வீட்டுப் பிள்ளை."

டாக்டர் சிரிக்கவில்லை.

7-8-68

நேற்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் மாயக்கண்ணன் என்ற லாரி டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "செத்தேன்னு நெனச்சுப் படுத்தேன் தங்கச்சி. இப்ப லோடு ஓட்டுறேன்." அவருக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். அவருக்கும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "வெட்டுனாக. ஆறு மாசம் நல்லாருந்துச்சு. மறுபடி அதே வலி" என்றார். அந்த ஆறு மாதத்தில் நாற்று நடப் போனீர்களா என்று கேட்டேன். "போகாம? கஞ்சிக்கு?"

டிரைவருக்கு வீட்டில் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் இருந்தது. அந்த அம்மாள்தான் தன் வீட்டில் தண்ணீர் மொள்ளும் ஆள். அங்கேயே தெரிந்துவிடுகிறது, யாருக்கு எது பலிக்கும் என்று.

எனக்குக் கத்தி பயம் இல்லை என்று எழுதினால் பொய். கால் விழுந்துவிட்டால்? ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்ற ஆசையும் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். 'மூட்டை தூக்கவைத்தீர்களே, பாருங்கள்' என்று முதுகைக் கிழித்துக் காட்டவேண்டும் போல இருக்கிறது. அது வைத்தியம் இல்லை, வீம்பு.

முதலில் படுத்துப் பார்க்கலாம். சரியாகவில்லை என்றால் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய பிறகு வெட்டாததாக ஆக்க முடியாது.

10-8-68

பழைய கதவு ஒன்றைக் கட்டிலில் போட்டு அதன்மேல் ஜமுக்காளம். படுத்துவிட்டேன். சம்பளமில்லா லீவு. மேலே உத்தரத்தில் பல்லி.

17-8-68

"மகாராணிக்குக் காபி இங்குட்டே வரணுமாக்கும்?" மதினி டம்ளரைத் தரையில் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். காபி பாதி கொட்டிவிட்டது.

பக்கத்து வீட்டு அத்தை வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆளு கல்லு மாதிரித்தான இருக்கா? எந்திரிச்சு நாலு வேலை பாத்தா ரத்தம் ஓடும், தானாப் போயிரும்." ஆத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மதினி மேல் எனக்கு எரிச்சல்தான். ஆனால் யோசித்தால், விடியும் முன்பே ஊருணிக்குப் போகிறாள், இரண்டு பிள்ளைகள், மாடு, இப்போது என் வேலையும் அவள் தலையில். அண்ணன் ஒரு செம்புத் தண்ணீரைத் தானாக மொண்டு குடித்து நான் பார்த்ததில்லை. அவள் அவரிடம் டங்கென்று வைக்க முடியாது. அதனால் என்னிடம் வைக்கிறாள். இந்த வீட்டில் கோபம்கூடக் கீழ்நோக்கித்தான் ஓடும்.

23-8-68

கெண்டைக்காலில் வலி இல்லை! காலையில் இருமினேன், மின்னல் இல்லை. இப்போது பிட்டத்தில் மட்டும் ஒரு கடுப்பு. வேலை செய்கிறது. சும்மா கிடப்பது வேலை செய்கிறது. யாரிடம் சொல்வது? "படுத்தே சரியாயிருச்சா, அப்ப எந்திரி" என்பார்கள். சொல்லவில்லை.

27-8-68

அண்ணன் வந்து கால்மாட்டில் நின்றார். வெள்ளிக்கிழமை திருப்பத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை மெய்யநாதன், கூட்டுறவு பாங்கில் கிளார்க். ஆவணியை விட்டால் தைதானாம்.

"டாக்டர் ஆறு வாரம் சொன்னாருல்ல அண்ணே?"

"ஒரு மணி நேரம் எந்திரிச்சு நின்னா கொறஞ்சா போகும்? படுத்த படுக்கையாக் கெடக்கான்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"தெரியட்டும். உண்மைதானே?"

"வாய் மட்டும் நல்லா நிமிந்து நிக்கிது."

28-8-68

ஆத்தா அழுகிறாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற அதே காலை. "ஒரு மணி நேரம்த்தா. எனக்காக. அப்பறம் நீ ஒரு வருசம் வேணாலும் படுத்துக்க, நான் பாத்துக்கிறேன்."

நான் என்ன சொல்ல? சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

30-8-68

எழுத உட்கார முடியவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

பட்டுப்புடவை. தட்டு. நின்றேன், நடந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது மாப்பிள்ளையின் அத்தை, "பெரியவுக காலுல விழுந்து கும்பிட்டுக்கத்தா" என்றாள். பெரியவுக என்றால் ஒருவரா? மாப்பிள்ளையின் அப்பா, பெரியப்பா, தாய்மாமன், அத்தை. வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மண்டி போட்டுக் குனிந்து நெற்றி தரையில் படவேண்டும், எழுந்திருக்க வேண்டும், அடுத்தவர். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பதினாறு பேறாம், குலமாம், கோத்திரமாம். நான் கீழே கிடக்கிறேன், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்குகிறார். தாய்மாமனுக்குக் குனிந்தபோது இடுப்பில் அந்தச் சடக்கென்ற சத்தம். அதே சத்தம். அத்தை காலில் விழுந்தவள் எழ முடியவில்லை. "எம்புட்டு மருவாதி பாருங்க" என்று அத்தை பூரித்துப் போனாள்!

மதினிதான் ஓடிவந்து, விபூதி வைக்கிற சாக்கில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். என் காதில், "பாவி, சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

மாப்பிள்ளை மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

யார் மேல் கோபம்? எல்லார் மேலும். என் மேலும். கொளுத்திப் போடலாம் போல இருக்கு இந்த வீட்ட.

1-9-68

நடக்கும்போது இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. கழன்றது தெரியவில்லை. பெருவிரலை நிமிரச் சொல்கிறேன், அது கேட்கவில்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல இருக்கிறது.

2-9-68

அண்ணன் கல்லல் பக்கமிருந்து ஒருவரைக் கூட்டிவருகிறாராம். குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி மிதித்தால் பிதுங்கியது உள்ளே போய்விடுமாம். கத்தி வேண்டாம், தழும்பு வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியவேண்டாம்.

"என் முதுகுல யாராவது கால வச்சீக, தெருவுல நின்னு கத்துவேன்" என்றேன். கத்திக்கொண்டேதான் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும். யூஜினியா டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். நாளைக் காலை வாடகைக் காரோடு வருகிறார்.

4-9-68, மதுரை

பாதத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. "படுத்திருந்தீங்களா?" என்று கேட்டார். மூன்று வாரம் படுத்திருந்தேன், நன்றாக ஆகிக்கொண்டிருந்தது, பிறகு நான்கு பேர் காலில் விழுந்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனிக் காத்திருக்க முடியாது. முதுகில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள், பிறகு ஆபரேஷன். வலி போக வாய்ப்பு நிறைய. பாதம் முழுசாகத் திரும்புமா என்று கேட்டேன். "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்." பொய் சொல்லாததற்காகவே அவரை நம்பினேன்.

"அண்ணன் கையெழுத்துப் போடணுமே?" என்றார் டாக்டர்.

பின்னாலேயே பஸ்ஸில் வந்திருந்த அண்ணன் வெளியே வராந்தாவில் நின்றார். யோசிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறார். என் முதுகுக்குத் திருப்பத்தூரில் அனுமதி!

"பேனாவக் குடுங்க சார். முதுகு என்னோடது" என்றேன். கொடுத்தார். சாட்சியாக யூஜினியா டீச்சர் போட்டார்.

8-9-68

நாளைக் காலை. பயமாகத்தான் இருக்கிறது.

22-9-68

கம்பி இல்லை. உள்ளே காய்ச்சி இழுத்த அந்தக் கம்பி கண் விழித்தபோதே இல்லை. முதுகு மட்டும் வெட்டுப்பட்ட இடத்தில் விண் விண் என்கிறது, அது நியாயமான வலி. பெருவிரல் கொஞ்சம் அசைகிறது. பாதம் இன்னும் சோம்பேறி.

திருப்பத்தூரிலிருந்து ஆள் அனுப்பி அண்ணனிடம் சொல்லிவிட்டார்களாம், முதுகு ஒடிந்த பெண் வேண்டாம் என்று. சிரித்தால் தையல் இழுக்கிறது. ஆனாலும் சிரித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷனுக்குப் பிறகும் டாக்டர் சொன்னது அதேதான். ஆறு வாரம் படுக்கை.

13-10-68

வீட்டில் இருக்கிறேன். அதே கதவு, அதே பல்லி. ஆனால் காபி கட்டிலுக்கு வருகிறது, கொட்டாமல். பக்கத்து வீட்டு அத்தை பழம் கொண்டுவந்தாள், தழும்பைக் காட்டச் சொல்லிப் பார்த்து "ஐயோ, இம்புட்டு நீளமா!" என்று வாயில் கைவைத்தாள். தலைமையாசிரியர்கூட வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

வலி இருந்தபோது ஒருவரும் நம்பவில்லை. தையலை எல்லோரும் நம்புகிறார்கள். படுக்க அனுமதி வாங்க முதுகைக் கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதத்தில் பாதியையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை மன்னிக்க மாட்டேன்.

26-10-68

நேற்று மதுரையில் டாக்டர் பார்த்தார். எழுந்து நடக்கலாம், குனியக் கூடாது, தூக்கக் கூடாது, அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகலாம் என்றார். பாதத்தை முக்கால் வரை தூக்க முடிகிறது. மீதி வந்தால் வரும். ஆத்தா கூடத்தான் இருந்தாள், எல்லாவற்றையும் காதால் கேட்டாள்.

இன்று சாயங்காலம் அண்ணன் கல்லலில் இருந்து ஒரு வரன் சேதியோடு வந்தார். ரெண்டாந்தாரம், ஒரு பிள்ளை இருக்கிறதாம். "இனிமே இப்பிடித்தான் வரும்" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். நாளைக்கே வருகிறார்களாம். "அவள எந்திரிச்சு ரெடியா இருக்கச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தாவின் குரல்:

"அவ எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எம்புட்டு நாளைக்கு?"

"அதெல்லாம் சொல்லல."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆத்தா உள்ளே வந்தாள், என்னைப் பார்க்கவில்லை, காலடியில் கிடந்த போர்வையை இழுத்து என் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.