ஒன்பதாம் வீட்டுக்கு ஒரு சம்மதம்

ஃபோபோர்க்,
பிப்ரவரி 6

அன்புள்ள ரிக்மோர்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. நான்தான் கொஞ்சம் முயன்று பார்த்தேன். போன மாதம் விறகுக் கொட்டகை வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து, தபால்காரர் வந்து தூக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இடுப்பு தப்பியது. ஆனால் அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறை அறையாக நடக்கிறேன்.

நம் பிர்தே கோபன்ஹேகனிலிருந்து தினமும் போன் போட்டு நச்சரிக்கிறாள். "அம்மா மாதிரி நீங்களும் ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போயிடுங்களேன்ப்பா" என்கிறாள். உங்கள் ஆப்பிள்தோப்புக் குடியிருப்பில் ஒன்பதாம் எண் வீடு காலியாகிறதாமே, உன் வீட்டுக்கு அடுத்தது? நாம் பிரிந்து பதினோரு வருஷம் ஆகிறது. பழைய கோபமெல்லாம் ஆறியிருக்கும். அங்கே என்ன நல்லது, என்ன கெட்டது என்று ஒளிக்காமல் எழுது.

உன் பழைய
ஹோல்கர்


ஸ்வென்போர்க்,
பிப்ரவரி 15

ஹோல்கர்,

நீ விழுந்தது தெரிந்து வருத்தப்பட்டேன். வாசல் பனி உருக உப்புத் தூவு, உப்புத் தூவு என்று முப்பது வருஷம் கத்தியவள் நான்.

நல்லதைக் கேட்டாய். காலையில் என் ஜன்னல் திரை விலகாவிட்டால் எதிர்வீட்டு லாவ்ரிட்ஸ் வந்து கதவைத் தட்டுவார். வாரத்தில் நாலு நாள் பொதுக்கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையல். ஒற்றை உருளைக்கிழங்கை வேகவைத்துத் தின்னும் துக்கம் இல்லை.

கெட்டதும் அதேதான். சும்மா படுத்திருக்க ஆசைப்பட்டாலும் தட்டுவார்கள். தோட்டத்து பெஞ்சுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று இரண்டு கூட்டம் போட்டோம். நான் இருமினால் மாலைக்குள் மூன்று வீட்டு சூப் வந்துவிடும். உன் மரவேலை ரம்பங்களில் பாதியைக்கூட அந்த வீட்டில் வைக்க முடியாது. கோபித்துக்கொண்டு போகவும் இடமில்லை.

முக்கியமானது ஒன்று. புதிதாக வருகிறவர் மூன்று தடவை எங்களோடு சாப்பிட வேண்டும். மூன்றாவது தடவை அவரே சமைக்க வேண்டும். அப்புறம் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் வீடு கிடையாது. அந்த ஒருத்தர் நானாகவும் இருக்கலாம்.

ரிக்மோர்


ஃபோபோர்க்,
பிப்ரவரி 20

அன்புள்ள ரிக்மோர்,

விண்ணப்பம் போட்டுவிட்டேன். இறைச்சி உருண்டை பொரிக்கக் கற்றுக்கொள்கிறேன். முதல் சட்டி கரி. நீ என்னை மிரட்டுகிறாய், ஆனால் கடைசியில் சரி என்றுதான் சொல்வாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஹோல்கர்


ஸ்வென்போர்க்,
ஏப்ரல் 11

ஹோல்கர்,

இரண்டு சாப்பாட்டிலேயே எல்லோரையும் மயக்கிவிட்டாய். அடுப்புக் கதவை நீ சரிசெய்து கொடுத்ததிலிருந்து லாவ்ரிட்ஸ் உன் பெயரைத்தான் ஜபிக்கிறார். நாலாம் வீட்டுத் தைரா கேட்கிறாள்: "இவ்ளோ தங்கமான மனுஷனை ஏன்டி விட்டுட்டு வந்தே?" "நீ கொஞ்ச நாள் குடும்பம் நடத்திப் பாரு, தெரியும்" என்றேன்.

உனக்கும் சொல்கிறேன். அந்த நாளில் காப்பிக்கடையில் என்னைப் பார்த்துப் பால் வேண்டுமா என்று கேட்பார்கள். "வேண்டாம்" என்று நீ சொல்வாய். எனக்குப் பால் பிடிக்கும் ஹோல்கர். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் நீதான் சொன்னாய். இங்கே வந்த பிறகுதான் என் வாய் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆனாலும் இந்த ஒரு வாரமாக எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்டால் ஆறுதலாக இருக்குமா, எரிச்சலாக இருக்குமா? ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, மறுநாள் இப்படி.

ரிக்மோர்


ஃபோபோர்க்,
மே 9

ரிக்மோர்,

இது என்ன நியாயம்? உருண்டை நன்றாக இருந்தது, எல்லோரும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்கள். லாவ்ரிட்ஸ் சரி என்றார், தைரா சரி என்றாள், அந்தச் சிடுமூஞ்சி வாத்தியார்கூடச் சரி என்றார். நீ மட்டும் எழுந்து "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அத்தனை பேர் முன்னால்! பிர்தே அழுகிறாள். பதினோரு வருஷம் காத்திருந்து பழிவாங்கினாயா?

ஹோல்கர்


ஸ்வென்போர்க்,
மே 14

ஹோல்கர்,

பழியெல்லாம் இல்லை. அன்று காலையிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். உன் ரம்பங்களை என் கொட்டகையில் வைத்துக்கொள்ளலாம் என்று இடம்கூட ஒழித்து வைத்திருந்தேன்.

தைரா என் பக்கம் திரும்பி, "ரிக்மோர், நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அவளுக்கென்ன, அவளுக்குச் சம்மதம்தான். மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா?" எல்லோரும் சிரித்தார்கள். நீ சொன்னது உண்மைதான். என் சம்மதத்தைக் கூட நீயே சொல்லிவிட்டாய். எனக்கு மிச்சமிருந்தது 'வேண்டாம்' ஒன்றுதான்.

ஒழித்த இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. அதற்காகச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ரிக்மோர்


ஆசென்ஸ்,
அக்டோபர் 2

அன்புள்ள ரிக்மோர்,

இந்த ஊர்க் குடியிருப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மேஜையைச் சுற்றிக் கேட்டபோது வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு சின்னது. ரம்பங்களை விற்றுவிட்டேன். ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறது.

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் நீ என்ன பதில் போடுவாய் என்பதையும் நானே எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்க வருவாயா?

ஹோல்கர்