டிராகன் மொழியில் ஒரு ழகரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

பரீட்சை நேரத்தில் நான் ஒளித்துவைத்துப் படித்த டிராகன் நாவல் நினைவிருக்கிறதா? "இந்தக் கதையா உனக்குச் சோறு போடப்போகுது?" என்று கத்துவீர்களே! அதன் ரசிகர்கள் இங்கே ஞாயிறுதோறும் நூலகத்தில் கூடுகிறார்கள். டிராகன் வம்சத்தில் யார் மூத்தவர் என்று சண்டை போடுகிறார்கள். டிராகன்களுக்காக எழுத்தாளர் உருவாக்கிய மொழியிலேயே பேசிப் பழகுகிறார்கள்.

அதில் நெருப்புக்கான சொல் யார் வாயிலும் நுழையவில்லை. நாக்கை உள்ளே மடிக்க வேண்டுமாம். பார்த்தால், நம்முடைய 'ழ'! "ஊழா" என்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க!" என்றார் ஒரு தபால்காரர்.

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் என் ஆங்கில உச்சரிப்பு புரியாமல் தினமும் இதையே கேட்பார்கள். இவர் ஆசையாகக் கேட்டார், அப்பா. பிறகு எல்லோரும் சொல்லிப் பார்க்கப் போய், வாய் கோணி, ஒரே சிரிப்பு. அடுத்த வாரம் டிராகன் அரசியின் சபதத்தை நான்தான் வாசிக்கிறேன்!

குளிர் தொடங்கிவிட்டது. வீட்டில் போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது.

உங்கள் செல்ல மகள்