ஆணியில் தொங்கின கார்டு

பெங்களூரு
புதன்கிழமை

அன்புள்ள நைனாவுக்கு, உங்க மகன் தயாளன் வணக்கத்தோட எழுதறது. மைன்ஸ்ல ட்ரில்லிங் சத்தம் கேட்டுக் கேட்டுப் போன உங்க காதுக்கு போன் சரிப்படாதுன்னுதான் லெட்டர். அம்மா முட்டிவலி இப்போ இன்னா மாதிரி இருக்கு?

திங்கக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் மழை. நான் வேலை பாக்கிற அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தண்ணி பூந்துடுச்சு. டிவியில பாத்துட்டு பயப்படாதீங்க. ஏரியை மூடிக் கட்டின எடம்னு சிலர் சொல்றாங்க, மழைத்தண்ணி ஓடற ராஜகால்வாயை அடைச்சு காம்பவுண்ட் போட்டதாலன்னு சிலர். ரெண்டும் நெஜமாத்தான் இருக்கும்.

நீங்க மைன்ஸ் ஷாஃப்ட்ல எறங்கறதுக்கு முன்னாடி டோக்கனை பலகையில மாட்டுவீங்களே, யார் உள்ள இருக்காங்கன்னு தெரிய! அதே மாதிரி பேஸ்மென்ட்டுக்குப் போறவங்க கேட்டாண்ட ஆணியில ஐடி கார்டை மாட்டணும்னு நான் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க, ஆனாலும் மாட்ட ஆரம்பிச்சாங்க. மழை பேஞ்ச அன்னிக்கு மேல ஓடிவந்தவங்க அவங்கவங்க கார்டை எடுத்தப்புறம் ஒண்ணு மட்டும் தொங்கிச்சாம். அதைப் பாத்துதான் வாட்ச்மேன் லிங்கண்ணா தண்ணியில எறங்கி, மெயின் ஸ்விட்ச்சை அணைக்கப் போன ஆளைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஞாயித்துக்கிழமை என்கூட வேலை பாக்கிற நம்மூரு கிரண் ஊர்லேர்ந்து வரும்போது ரெண்டு லுங்கி, அம்மா அரைச்ச மொளகாத்தூள் குடுத்தனுப்புங்க. இங்க ஒருத்தனுக்கு சமைச்சா ருசியே வர்றதில்ல. பீரோவுல இருக்கிற உங்க பித்தளை டோக்கனையும் அனுப்புங்க, சும்மா பக்கத்துல வெச்சுக்கறேன்.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுடுங்க, நைனா. அந்தக் கார்டுல இருந்தது என் போட்டோ.

தயாளன்