கம்ப்யூட்டருக்கு யார் போணி?

16.8.99 திங்கள்
காலையிலிருந்து தூறல். ஊதுபத்திக் கட்டெல்லாம் நமுத்துவிட்டன. அடுப்படியில் காயப்போட்டதற்குக் கமலாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். சாம்பாரில் மல்லிகை வாசனையாம்.

டூரிஸ்ட் பஸ்களை வேறு தெருவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மைசூர் அக்ரஹாரத்தில் நம் ஊதுபத்திக் கடைப் பக்கம் வெளியூர்த் தலையே காணோம். இப்படியே போனால் தீபாவளிக்குள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. கமலாவிடம் சொல்லவில்லை.

இன்டர்நெட்டில் விற்றுப் பார்ப்பது என்று முடிவு. விசாரிக்க:
1. பெங்களூர் கம்பெனி. மாத வாடகை.
2. அமெரிக்காக்காரன் ஏலம்.
3. முக்கு பிரௌசிங் சென்டர் மஞ்சு. தனிப் பக்கம் போட்டுத் தருவாராம்.
பல் டாக்டர். மறக்காதே.

17 செவ்வாய்
பெங்களூருக்கு எஸ்.டி.டி. பேசிய பெண் தமிழ்.
"ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ஆர்டர் வரும் சார்."
"மொதல் ஆர்டர் மட்டும் நல்ல நேரத்துல, நாங்க சொல்ற ஆளு கையால வர்ற மாதிரி பண்ண முடியுமாம்மா?"
போனை மானேஜரிடம் கொடுத்தாள். அவரிடமும் கேட்டேன். அவர் மாத வாடகையையே திரும்பச் சொன்னார். மீட்டர் மட்டும் ஓடியது.

போணியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கடைக்கு இருக்கிறது. முதல் வியாபாரம் கைராசிக்காரர் வாங்க வேண்டும், சில்லறை சரியாகத் தர வேண்டும், கடன் கூடாது. இல்லையென்றால் அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். உலகத்துக்கே திறக்கிற கடைக்கு எவனோ முகம் தெரியாதவன் ராகுகாலத்தில் போணி பண்ணுவதா.

அமெரிக்கா: டாலர் கார்டு கேட்கிறது. நம்மிடம் இருப்பது ரேஷன் கார்டு.

பல் டாக்டரை மறந்தாயிற்று.

18 புதன்
மஞ்சு கன்னடக்காரர். மீசை பெரிது, பொறுமை அதைவிடப் பெரிது. "நீங்க சொன்ன டைமுக்கே ஓபன் மாடலாம் சார். கார்டு பேடா, வேணாம். போஸ்ட்மேன் கிட்ட துட்டு குடுத்து வாங்கிக்கட்டும்."
வாசனையை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். "போட்டோ ஹாக்கலாம் சார்." வாசனைக்குப் போட்டோ.

மஞ்சுதான். வெள்ளி காலை ஒன்பதரை. போணி: பூக்கார லட்சுமம்மா. அவள் கைபட்ட சைக்கிள் கடை இன்று மூன்று மாடி.

கமலா: "எங்கண்ணனக் கூப்பிடலையா?"
சுந்தரம் மச்சான். தங்கமான மனுஷன், கைதான் சரியில்லை. முன்னால் நாங்கள் வைத்த கேசட் கடைக்கு அவர் போணி. மூடினோம். ஜூஸ் கடைக்கும் அவரே. அதையும். அதற்குப் பிறகு, ஞாயிறு காலையில் வந்தால் எதிர் டீக்கடையிலேயே நின்றுவிடுவார். வேறு யாராவது வாங்கிப் போன பிறகுதான் நம் படி ஏறுவார். நில்லுங்கள் என்று நான் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் சொன்னதில்லை.

"பத்து மணிக்கு மேல வரச் சொல்லு" என்றேன். கமலா பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

20 வெள்ளி
வெயில். கரண்ட் இருந்தது.

லட்சுமம்மா செருப்பை மஞ்சுவின் சென்டர் வாசலில் கழற்றிவிட்டு வந்து, மானிட்டருக்குப் பூ வைத்தாள். விலையைப் பார்த்ததும் திரையிடமே பேரம். "ஸ்வல்ப கம்மி மாடப்பா." ஒருவழியாக மவுஸை அழுத்தினாள். தேங்காய் உடைக்கப் போனேன்.

மஞ்சு மெயிலைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார். லட்சுமம்மாவின் ஆர்டர் இரண்டாவது.

முதலாவது நேற்று சாயந்திரமே வந்திருக்கிறது. மல்லிகை, ஒரு கட்டு. பெயர் சுந்தரம், ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், மைசூர். பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மஞ்சு நேற்றே திறந்து வைத்திருக்கிறார். மச்சானும் அதே சென்டருக்கு வந்து, காசு கொடுத்து உட்கார்ந்து, வாங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாவது கடையும் போச்சு. வந்த கோபத்தில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

மச்சான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் விழுந்துவிட்டது.
"கம்ப்யூட்டருக்கு ஆளு யாருன்னு தெரியாதுன்னு நெனச்சேன் மாப்ளே. ஒரு தடவையாச்சும் மொதல்ல வாங்கலாமேன்னு..."
நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "கேன்சல் பண்ணிக்கலாமா?"

திட்டப் போனவன் காபி குடித்துவிட்டு வந்தேன். தேங்காயை அங்கேயே விட்டுவிட்டேன்.

21 சனி
இன்டர்நெட் ஆர்டர் இல்லை. கடையிலும் ஈ. மஞ்சு: "ஒந்து தின தானே சார்." ஒரு நாள்தானே ஆச்சாம்.
கமலா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. சாம்பார் மட்டும் வருகிறது.

22 ஞாயிறு
மறுபடியும் தூறல். ஷட்டரைத் தூக்கினால் எதிர் டீக்கடையில் மச்சான், குடையும் டீயுமாக. நேற்று முழுக்க யோசித்தது அந்த நிற்பைத்தான்.

லட்சுமம்மா படியேறினாள். "கொஞ்சம் இரும்மா" என்றேன். முறைத்தாள்.
தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். "மச்சான், வாங்க. போணி பண்ணுங்க."
வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குடையை அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தார்.

மல்லிகை, ஒரு கட்டு. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த சில்லறையை எடுத்தார். எண்ணவே வேண்டியதில்லை, சரியாக இருந்தது. காகிதம் எவ்வளவு காலத்து மடிப்போ, பிரித்ததும் இரண்டாகக் கிழிந்தது.