ஆறிப்போன கை

பக்ரீத் முடிந்து தோல்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. இன்று காலை தோல் பதனிடும் ஷாப்புக்குள் நுழைந்ததும் சுண்ணாம்புக் குழியின் வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் கைகள்தான் நினைவுக்கு வந்தன, தோஸ்த்.

மிஷன் பள்ளியில் ஒன்றாகப் படித்து, ஆம்பூரில் இந்தத் தோல் ஷாப்புக்கும் ஒன்றாகவே வந்து குழியில் இறங்கினோம். முடி உதிர அங்கே ஊறுகிற தோலைப் புரட்டுகிறவர்களின் கையைச் சுண்ணாம்பு தின்றுவிடும். சோறு பிசையும்போது எரிச்சலில் முனகுவாய். மெட்ராஸிலிருந்து துரை தோல் வாங்க வந்தால் அதே வாயால் இங்கிலீஷில் பதில் சொல்வாய். அதைக் கேட்டுத்தான் முதலாளி உன்னை மேஸ்திரி ஆக்கினார். கரையில் நின்று வேலை வாங்கினால் போதும், குழிக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். ஒரு குடையும் கொடுத்தார். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

சில மாதத்தில் உன் கை ஆறிவிட்டது. கேடு அங்கேதான் தொடங்கியது. நன்றாகப் புரட்டுங்கள் என்று நீ சொன்னால், நேற்றுவரை உன்னோடு உட்கார்ந்து கூழ் குடித்தவர்கள் உன் கையைப் பார்த்தார்கள். "மேஸ்திரிக்குக் கை ஆறிப்போச்சு, இனிமே அப்படித்தான் பேசுவாரு" என்றான் ஒருவன். மேலாகக் கிண்டிவிட்டுக் கரையேறினார்கள். அடியில் கிடந்த தோல்கள் வீணாயின. திட்டு உனக்கு விழுந்தது. படித்த படிப்பு உனக்குப் பதவியைக் கொடுத்தது. சொன்னால் கேட்கிற ஆளைக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் குடையை என்னிடம் நீட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய். மற்றவர்களும் உன்னோடு சேர்ந்து அடிவரை புரட்டினார்கள். அன்று நடந்த மாதிரி வேலை இங்கே நடந்து நான் பார்த்ததில்லை. முதலாளி கெட்டவர் இல்லை, ஆனாலும் வருத்தப்பட்டார். "நீயே எறங்கிட்டா மேஸ்திரின்னு ஒருத்தன் எதுக்கு? கவுரவம் கம்மியாய்டும்பா" என்றார். நீ தலையாட்டினாய். மறுநாளிலிருந்து அவர் வருவதற்கு முன்பே இறங்கி ஏறிவிடுவாய்.

வெடித்த கையில் கறுப்பாக ஒரு கொப்புளம் வந்தது; தோலிலிருந்து தொற்றுகிற நோய் என்றார்கள். காய்ச்சல் கொதித்தது. முதலாளியின் வண்டியிலேயே உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மாதனூர் தாண்டியதும் கண் திறந்தாய்.

"இந்தக் கையோட சொன்னாத்தான் கேக்கறாங்க, தோஸ்த்."

அதைப் பெருமையாகச் சொன்னாய். வேலூர் சேருமுன் உன் உயிர் போய்விட்டது. அந்தப் பெருமையைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இப்போது நான் மேஸ்திரி. இங்கே இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தானே மிச்சம். உன் குடையும் என்னிடம்தான் இருக்கிறது. என் கை நன்றாக ஆறிவிட்டது. வீட்டில் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

இன்று காலை, அடிவரை புரட்டுங்கள் என்றேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி ஓரம் வரை போனேன். உன் கொப்புளம் கண்முன் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர்கள் மேலாகக் கிண்டிவிட்டுக் கரையேறினார்கள். நான் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.