கழுதை கத்தும் எழுத்துகள்

சங்கரன்கோவில்,
செவ்வாய்.

கர்த்தருக்குள் அன்பான கணவருக்குத் தங்கபாய் எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்காது, அதனால் கடிதம். வால்பாறை மழையில் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நான் ஆயா வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியில் அ, ஆ சொல்லிக்கொடுக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டு வந்திருக்கிறது. அது சொல்லும் எழுத்தைச் சரியாகத் தொட்டால் மணி அடிக்கும். தப்பாகத் தொட்டால் கழுதை கத்தும். பிள்ளைகள் கழுதைக்காகவே தப்பாகத் தொட்டன. வெள்ளிக்கிழமை வந்து பார்த்த தாளாளர், "பிள்ளையளுக்கு ஒண்ணும் ஏறலியே, இதைத் திருப்பி அனுப்பிருங்க" என்றார்.

"திங்கக்கிழமை வரை பொறுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சிய ஜெனிபா டீச்சர், சரியான எழுத்துக்குக் கழுதை கத்தும்படி சத்தங்களை மாற்றிவிட்டாள். நேற்று அவர் வந்தபோது காலை முழுக்கக் கழுதைதான். சின்னப்பிள்ளை ஹஸ்னா பானு அவர் விரலைப் பிடித்து, "மாமா, நீங்களும் தொடுங்க, கத்துதான்னு பாப்போம்" என்றாள். அவர் தொட்டார், கத்தியது. சிரித்துக்கொண்டே, "இங்கனயே இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

நம் எஸ்டேட் தேயிலைத் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே டீ நன்றாக இல்லை, தனியாகக் குடித்தும் பழக்கமில்லை.

பிள்ளைகள் போனபின் நானும் தொட்டுப் பார்த்தேன். ‘ஔ’ வரைக்கும் விடாமல் கத்தியது. இதை உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். நம் கல்யாணப் பந்தியில் கத்திரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு, "மதினி கைநாட்டாமே" என்று சிரித்தவள் அவள்தான். நாலு பேர் இருக்கும்போது சொல்லுங்கள்.

கேட்டைத் திறக்க நேரமாகிவிட்டது.

தங்கபாய்