மின்னல் மாமுவின் குரல்

எண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வெற்றி அண்ணனுக்கு,

தங்கை சௌமியா எழுதுவது. சிங்கப்பூரில் உனக்கு உடம்பும் வேலையும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இளைப்பு குறையவில்லை. ஒரு மழை வந்தால் தேவலை, தூசி கொஞ்சம் அடங்கும். காயப்போட்ட நெத்திலியைத் திருப்பினால் கை கறுத்துப்போகிறது. இந்த அழகில் நிலக்கரிக் கிடங்கை இன்னும் பெரிதாக்கப் போகிறார்களாம். ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அடுத்த மாதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் விழா. செலவெல்லாம் அந்தக் கிடங்குக் கம்பெனியுடையது. அறிவியல் டீச்சர் என்பதால் மேடை வேலை என் தலையில். ‘மின்னல் மாமு வருகிறார்’ என்று பேனரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. நாம் இரண்டு பேரும் குப்பம் குப்பமாகப் போய் ஆடிய வேஷம் அல்லவா? கானாப் பாட்டு, புகைக்கு நடுவே சினிமா ஹீரோ மாதிரி என்ட்ரி, கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் அங்கி. “இன்னா மாமு, மின்னலு முன்னாடி வருது, இடி ஏன் லேட்டா வருது?” என்று நீ கேட்டால், புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள்கூட எழுந்து நின்று பதில் கத்துவார்கள். அதைப் பார்த்துத்தான் நான் டீச்சர் ஆனேன். அம்மாவும் பார்க்கட்டும் என்று கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

மேடைக்கு வந்த அங்கி பளபளவென்று புதிது. முகம் முழுக்க மூடிய யாரோ ஒரு ஆள். ஸ்பீக்கரில் வந்ததோ உன் குரல், அண்ணா.

“கரித்தூளப் பாத்து பேஜாராவாத மாமு! அதுவும் கார்பன், நீயும் கார்பன். அது நம்ம தோஸ்து!”

விசில் பறந்தது. கம்பெனி ஆட்கள் கொடுத்த கறுப்பு மாவைக் கன்னத்தில் பூசிக்கொண்டு, “தோஸ்து, தோஸ்து” என்று சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். கார்பன் என்பது பொய்யில்லை. அந்த உண்மையை எடுத்து இப்படி ஒரு பொய்க்குச் சட்டையாகப் போட்டிருக்கிறார்களே, அதுதான் கொடுமை. திரும்பிப் பார்த்தால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள். “வெளிய கூட்டிட்டுப் போங்க டீச்சர், புரோகிராம் கெடுது” என்றார் தலைமையாசிரியர்.

அன்று சாயந்திரமே பரணிலிருந்து நம் பழைய அங்கியை இறக்கினேன். மீன் ஏலக் கூடத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வைத்தேன். மறுநாள் அங்கியை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரே ராத்திரியில் தூசியால் கறுத்துப் போயிருந்த துணியை விரித்துக் காட்டினேன். “தோஸ்துன்னா உன் நெஞ்சுக்குள்ள பூந்து மூச்ச அடைப்பானா மாமு?” என்று ஆடிப் பாடினேன். பெரியவர்கள் கை தட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை. என் வகுப்பு அம்மு முகத்துக்கு நேராகவே சொன்னாள்: “நீங்க டூப்பு மாமு டீச்சர். ஒரிஜினல் மாமு கொரல் வேற.”

யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று நேற்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை.

அந்தக் கருத்துக் கேட்கும் கூட்டம் நடப்பதற்குள் சுற்றியுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் அந்த வேஷம் போகிறது. என்ன சொல்லி உன்னைப் பேச வைத்தார்கள், எதற்கென்று தெரிந்துதான் பேசினாயா, எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் மிஷினே யார் குரலிலும் பேசும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. “மாமூ...ன்னு கடைசில இயுப்பான் பாரு, அது எம்புள்ளதான். மிஷினுக்கு இன்னா தெரியும் அது?” என்றாள். அன்றிலிருந்து போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பிள்ளைகளுக்கு நான் டூப்புதான். நீ பேசினால்தான் கேட்பார்கள். கரித்தூள் தோஸ்து இல்லை என்று மாமு குரலில் ஒரே ஒரு நிமிஷம் பதிவு செய்து அனுப்பு, போதும்.

அங்கே உனக்கு நல்ல காற்று கிடைக்கட்டும். நெஞ்சு நிறைய இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, பேசு அண்ணா.

உன் தங்கை,
சௌமியா